ஏழாம் எண் கட்டில்

அத்தியாயம் 1

ஐந்து வருஷத்தில் பூங்குழலி பலதைத் தேடிக் கொடுத்திருக்கிறாள். ஓடிப்போன மாப்பிள்ளை, நகையோடு கிளம்பிய மருமகள், ஒருமுறை ஒரு டிராக்டர். சோற்றுத் தட்டைத் தேடித் தரச் சொல்லி வந்தவள் செல்லம்மாள் ஒருத்திதான்.

“தட்டா?” என்றார் இலியாஸ். “சோறு துன்ற தட்டா?”

“ஆமா பாய். எவர்சில்வர்.”

“எதிர்லயே பாத்திரக் கடை இருக்குது. அதை வுட்டுட்டு மாடி ஏறி வந்துட்டியேக்கா.”

“பாய்,” என்றாள் பூங்குழலி.

“சும்மா கேட்டேன் மேடம்.”

செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறைத் துப்பறியும் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை தெரியும். தூசிக்குப் பயந்து திறப்பதில்லை. இலியாஸ் இருபத்தெட்டு வருஷம் திண்டிவனம் – திருவண்ணாமலை தடத்தில் தனியார் பஸ் கண்டக்டர். ஐம்பத்தாறு வயதில் இப்போது சொந்த ஆட்டோ, பூங்குழலியிடம் உதவியாளர் வேலை. பையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார். வாயை இறக்கவில்லை.

செல்லம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அறுபது இருக்கும். வல்லத்துக்காரி. கடலைக்கொல்லையிலிருந்து நேராக வந்திருந்தாள். நகக்கண்ணில் செம்மண்.

“எங்க அக்காளோட தட்டும்மா. ரத்தினம்மா. போன அமாவாசைக்கு செத்துப்போச்சி.”

“வீட்லயா?”

“இல்லம்மா. சிங்கவரம் ரோட்ல நிழற்குடைன்னு முதியோர் இல்லம் இருக்குதே, அங்க.”

“நிழற்குடைன்னா பஸ் ஸ்டாப்பு,” என்றார் இலியாஸ். “பேரை யோசிச்சிதான் வெச்சிருக்கான்.”

பூங்குழலி அவரைப் பார்த்தாள். அவர் ஃபேனைப் பார்த்தார்.

செல்லம்மாள் சொன்னது நீளமில்லை. ரத்தினம்மாள் அவளுக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். பிள்ளை இல்லை. புருஷன் போனபின் தங்கையோடு வந்துவிட்டாள். இரண்டு வருஷமாக ஞாபகம் நழுவியது. செல்லம்மாள் கொல்லைக்குப் போன நேரத்தில் வெளியே இறங்கி நடந்துவிடுவாள். ஒருமுறை கோட்டை அகழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தவளை யாரோ கொண்டுவந்து விட்டார்கள். வேலைக்குப் போனால் அக்காள் இல்லை, போகாவிட்டால் சோறு இல்லை. நிழற்குடையில் போய் அழுதாள். வார்டன் அன்புக்கரசி இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டாள். கையெழுத்து, சீட்டு எதுவும் இல்லை.

“செத்ததும் சொல்லி அனுப்பினாங்களா?”

“மூணு நாள் கழிச்சி. அமாவாசைன்றதால மேல்மலையனூர் கூட்டம், ரோடெல்லாம் அடைச்சிகினு இருந்துச்சி, ஆள் அனுப்ப முடியல, எரிச்சிட்டோம்னு சொன்னாங்க. சாம்பலை முடிஞ்சி குடுத்தாங்க. பனமலை ஏரில கரைச்சேன்.”

“மொகத்தப் பாக்கல?”

“பாக்கல.”

“தட்டு எதுக்கு?”

“பதினாறாம் நாள் காரியத்துக்கு அவ தட்டுலதான் படைக்கணும்னு இருந்துச்சி. மொத நாள் போயிக் கேட்டேன். வாசல்லயே நிக்க வெச்சி, அப்பிடி ஒரு தட்டே இல்லேன்னுட்டாங்க. வாழை எலையில படைச்சேன். மனசு ஆறல.” செல்லம்மாள் விரலால் மேஜையில் வட்டம் போட்டாள். “அவ கல்யாணத்துக்கு எங்க நைனா வாங்கினது. பேரு வெட்டியிருக்கும். படிக்கத் தெரியாது அவளுக்கு. வெரலால தடவிப் பாப்பா. தட்டைத் திருப்பித் திருப்பி, பேரு சோத்தாங்கை பக்கம் வந்தாதான் சோத்துல கை வெப்பா. எல்லாத்தையும் மறந்துட்டாம்மா. எம் பேரையே பாதி நாளு மறந்துடுவா. இதை மட்டும் மறக்கல.”

பூங்குழலி எழுந்து செருப்பை மாட்டினாள்.

“இந்தக் கேஸை எடுக்கறோமா மேடம்?”

“பழைய பாத்திரம் எடுக்கற கடை செஞ்சியில எத்தனை பாய்?”

“மூணு. ஒண்ணுதான் முதியோர் இல்லத்து சாமான் வாங்கும். மத்த ரெண்டு பேருக்கும் சாவுன்னா பயம்.”

*

பீமாராவின் கடை கடைவீதிக்குப் பின்னால் இருந்தது. பழைய பித்தளை, பழைய பேப்பர், பழைய பீமாராவ். எழுபது வயதில் தராசைக் கையாலேயே தூக்கிப் பிடிப்பார்.

“நிழற்குடையா? வந்துச்சே. ஒரு மூட்டை தட்டு. ஒரே மாதிரி புதுத் தட்டு வாங்கிட்டாங்களாம். நாளைக்கி இன்ஸ்பெக்‌ஷன். லைசென்ஸ் புதுப்பிக்கணுமே. இன்னிக்கி விழுப்புரத்துலேர்ந்து யாரோ ஒத்திகை பாக்க வராங்கன்னு டிரைவர் சொன்னான்.”

“இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒத்திகையா?” என்றார் இலியாஸ்.

“கல்யாணத்துக்கே இப்பல்லாம் ஒத்திகை பாக்கறான். நீ வேற.”

மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். இருபத்திரண்டு தட்டு. எல்லாவற்றிலும் பேர். புள்ளி புள்ளியாக வெட்டிய பேர்கள். வீ. ஜெயராமன். அன்னம்மாள் 1969. தங்கை திருமணத்திற்கு அன்பளிப்பு.

“மொய் வெச்சதெல்லாம் இங்க வந்து சேந்துடுச்சி,” என்றார் இலியாஸ்.

பதினேழாவது தட்டை செல்லம்மாள் எடுத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. கை போய் எடுத்தது. ரத்தினம்மாள் 1974. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். வேலை முடிந்ததுபோல எழுந்தாள்.

“இரும்மா,” என்றாள் பூங்குழலி. தட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தாள். மற்ற இருபத்தொன்றும் கழுவித் துடைத்தவை. இதில் ரசம் காய்ந்து, நாலைந்து பருக்கை கல்லாகிக் கிடந்தது.

“அதைச் சொல்லாதீங்க,” என்றார் பீமாராவ். “கழுவாம போட்டா எடை கூடும்னு நெனச்சானுங்க போல. மூட்டை முழுக்க எறும்பு. அன்னிக்கிப் பாத்து ஒரு மணி நேரம் வண்டி ரோட்லயே நின்னுடுச்சி.”

“எதுக்கு நின்னுச்சி?”

“பௌர்ணமி ஆச்சே. திருவண்ணாமலை கூட்டம்.”

இலியாஸின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. பௌர்ணமி நாளில் அந்த ரோட்டை அவரைவிடத் தெரிந்தவர் இல்லை. “அமாவாசைன்னா மேல்மலையனூர். பௌர்ணமின்னா திருவண்ணாமலை. நடுவுல பதினஞ்சி நாளு மேடம்.”

“ஆமா.”

“செத்தவங்க பதினஞ்சி நாளு கழிச்சி ரசஞ்சோறு சாப்ட்டாங்களா?”

“வேற யாராவது சாப்ட்டிருக்கலாம்.”

“அப்ப சரி.”

“சரியில்ல பாய். இருபத்தோரு தட்டைக் கழுவிப் போட்டவங்களுக்கு இருபத்திரண்டாவதைக் கழுவ நேரமில்லையா? சாப்புட்டுட்டு இருக்கும்போதே பிடுங்கியிருக்காங்க. ஏன்?” பூங்குழலி திரும்பினாள். “காரியத்துக்கு மொத நாள் எத்தனை மணிக்குப் போனீங்க?”

செல்லம்மாள் யோசித்தாள். “மதியம். சோத்து வாசனை வந்துச்சி.”

அமாவாசையிலிருந்து பதினைந்தாம் நாள். அதே பௌர்ணமி. இவள் வாசலில் நின்று தட்டைக் கேட்டபோது உள்ளே அந்தத் தட்டில் யாரோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பூங்குழலி இதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. செல்லம்மாள் தட்டைத் திரும்ப வாங்கிக் காய்ந்த பருக்கையை விரலால் தொட்டாள். எடுக்கவில்லை. தொட்டாள்.

*

ஆட்டோவில் பூங்குழலி ஒரு ஃபைலைத் தேடி எடுத்தாள். உள்ளே போன வருஷத்து மின்சார பில்கள். அட்டை மட்டும் கம்பீரமாக இருந்தது. இலியாஸ் சீட்டுக்கடியிலிருந்து இழுப்பு டேப்பை எடுத்து இடுப்பில் சொருகினார்.

“நெஜமான ஒத்திகைக்காரன் வந்துட்டா?”

“நம்மளப் பாத்து அவன் பயந்துடுவான். நாம அளந்துட்டு இருப்போம்ல.”

நிழற்குடையின் வாசலில் காவலாளி ஃபைலைப் பார்த்தான், கதவைத் திறந்தான். செல்லம்மாள் ஆட்டோவிலேயே தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள்.

எங்கும் புதுப் பெயின்ட் நாற்றம். சுவரில் சாப்பாட்டு அட்டவணை: திங்கள் பொங்கல், புதன் முட்டை, வெள்ளி பாயசம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் அன்று காலைதான் பூசியிருந்தார்கள். குறுக்கே கயிறு கட்டி ‘ஈரம்’ என்று எழுதியிருந்தது.

“காயற வரைக்கும் பெருசுங்க பறந்துதான் போவணும்,” என்று முணுமுணுத்தார் இலியாஸ்.

வார்டன் அன்புக்கரசி ஓடிவந்தாள். நாற்பது வயது. கண்ணுக்குக் கீழே கருவளையம். கையில் சுண்ணாம்புக் கறை. வார்டனே சுவரைப் பூசியிருக்கிறாள் என்று பூங்குழலி நினைத்துக்கொண்டாள். இரக்கம் வந்தது. அதை ஒதுக்கினாள்.

“விழுப்புரத்துலேர்ந்துதான மேடம்? காலையிலயே வருவீங்கன்னு…”

“பாத்ரூமிலிருந்து ஆரம்பிக்கலாம்,” என்றாள் பூங்குழலி. பொய் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் பேச்சைக் குறைத்துக்கொள்வாள். வேலை நடக்கும்.

பெண்கள் குளியலறை. சுவரில் பிடித்துக்கொள்ளப் பளபளவென்று ஒரு கம்பி. தரையில் பழைய ஓடுகளுக்கு நடுவே நான்கு மட்டும் புதியவை. கம்பிக்கு நேர் கீழே.

“இது எப்ப வெச்சது?”

“இப்பதான் மேடம். ரூல்ல இருக்குதுன்னாங்க.”

“டைல்ஸ்?”

“உடைஞ்சிருந்துச்சி.” அன்புக்கரசி கதவை இழுத்துச் சாத்தினாள். “வார்டைப் பாக்கறீங்களா?”

கூடத்தில் இரண்டு வரிசைக் கட்டில்கள். ஒவ்வொன்றின் கால்மாட்டிலும் அட்டை: எண், பேர், வயது. இருபத்தைந்து கட்டில், இருபத்தைந்து பேர். விரிப்பெல்லாம் ஒரே நீலம். எல்லோரும் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள்.

இலியாஸ் பன்னிரண்டாம் எண்ணிடம் நின்றார். “பேரு இன்னா நைனா?”

“ஜெயராமன், பெட் நம்பர் பன்னண்டு, சாப்பாடு நல்லா இருக்குது, டாக்டர் வாரம் ரெண்டு தடவை வராரு.”

“நான் பேரைத்தான் கேட்டேன்.”

“எல்லாத்தையும் சேத்துதான் சொல்லிக் குடுத்தாங்க. பிரிச்சி சொன்னா மறந்துடும்.”

“ஃபேன் புதுசா?”

“நேத்து வந்துச்சி. நாளன்னிக்கிப் போயிடுமாம்.”

அன்புக்கரசி வேகமாகச் சிரித்தாள். “தாத்தா தமாஷ் பண்ணுவாரு மேடம். இருபது நாளா தெனம் காலையில, சாயங்காலம் ரெண்டு வேளையும் ஒத்திகை. ஆபீசர் கேட்டா திணறக் கூடாதில்ல? போன தடவை ஒருத்தர் வேற வீட்டு அட்ரஸைச் சொல்லி, ஆள் மாறாட்டம்னு எழுதிட்டாங்க. ரெண்டு வருஷம் அலைஞ்சோம்.”

மணி பன்னிரண்டரை. புதுத் தட்டுகள் வந்தன. ஒரே அளவு, வழவழப்பு, பேர் இல்லாதவை. சோறும் சாம்பாரும் விழுந்தது. இருபத்துநான்கு பேர் சாப்பிடத் தொடங்கினார்கள்.

ஏழாம் எண் கட்டிலில் இருந்தவள் தொடங்கவில்லை.

ஒடிசலான கிழவி. இரண்டு கண்ணிலும் புரை. தட்டின் விளிம்பைத் தடவினாள். கொஞ்சம் திருப்பினாள். தடவினாள். இன்னும் கொஞ்சம் திருப்பினாள். தட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. இன்னொரு சுற்று. பிறகு அதைத் தள்ளிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அட்டையில் இருந்தது: 7. சுந்தராம்பாள். 74.

“அவங்களுக்குப் பசி இருக்காது மேடம்,” என்றாள் அன்புக்கரசி. “நாலஞ்சி நாளா சரியா சாப்புடறதில்ல. ஊட்டித்தான் விடணும்.”

பூங்குழலி இலியாஸைப் பார்த்தாள். அவர் வெளியே போய்த் திரும்பினார். செல்லம்மாள் கழுவி முந்தானையால் துடைத்த ஈரத்தோடு தட்டு அவர் கையில் இருந்தது. பூங்குழலி அதை வாங்கி, புதுத் தட்டிலிருந்த சோற்றை அதில் மாற்றி, கிழவியின் முன் வைத்தாள்.

விரல் விளிம்பில் ஓடியது. நின்றது. தட்டைக் கால் சுற்றுத் திருப்பினாள். புள்ளிகள் வலப்பக்கம் வந்தன.

கிழவி சோற்றைப் பிசைந்தாள். பசியோடு சாப்பிட்டாள்.

அன்புக்கரசி சுவரில் சாய்ந்தாள். ஈரப் பெயின்ட் அவள் புடவையில் ஒட்டியது. அவள் கவனிக்கவில்லை.

“நீங்க விழுப்புரம் இல்ல.”

“இல்ல.”

*

வார்டன் அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அன்புக்கரசி மறுக்கவில்லை. பூங்குழலி அதை எதிர்பார்க்கவில்லை. மறுத்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

“கம்பி வெக்கச் சொல்லி டிரஸ்டுக்கு மூணு தடவை எழுதினேன். வரல. அமாவாசை அன்னிக்கிக் காலையில சுந்தராம்பா வழுக்கி விழுந்துட்டாங்க. மண்டை. பத்து நிமிஷம்கூட இல்ல.”

“அதை எழுதியிருக்கலாமே.”

“எழுதினா விசாரணை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு இருபது நாள் இருக்கும்போது பாத்ரூம்ல ஒரு சாவு. மூடிட்டுப் போவாங்க. இருபத்தஞ்சி பேரையும் எங்க கொண்டுபோறது? நாலு பேரை நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?”

பூங்குழலி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“லைசென்ஸ் இருபத்தஞ்சிக்கு. இருந்தது இருபத்தாறு. ரத்தினம்மா லிஸ்ட்லயே இல்ல, நான்தான் பாவம்னு சேத்தேன். லிஸ்ட்ல இருக்கறவங்க செத்தா ஆயிரம் கேள்வி. இல்லாதவங்க செத்தா ஒரு கேள்வியும் இல்ல. அதான் செத்தது ரத்தினம்மான்னு எழுதினோம். ரத்தினம்மாவை ஏழாம் நம்பர்ல சுந்தராம்பாவா உக்கார வெச்சோம்.”

“சுந்தராம்பாளுக்கு யாரும் இல்லையா?”

“ஒரே பையன். வெற்றிவேலு. ஷார்ஜாவுல. நாலு வருஷமா வரல. ஞாயித்துக்கெழமையில ஃபோன் பண்ணுவாரு, ரெண்டு நிமிஷம். ‘சாப்டியாம்மா’ம்பாரு. இவங்க ‘சாப்ட்டேம்பா’ம்பாங்க. வெச்சிடுவாரு. குரல் மாறினது அவருக்குத் தெரியல.”

இலியாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூடிக்கொண்டார். பூங்குழலிக்குத் தெரிந்து அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

“வாசல்ல ரத்தினம்மாவோட தங்கச்சி இருக்காங்க,” என்றாள் பூங்குழலி. “கூட்டிட்டுப் போறாங்க.”

“கூட்டிட்டுப் போவட்டும்,” என்றாள் அன்புக்கரசி. பிறகு, மெதுவாக: “வந்தாங்கன்னா.”

*

செல்லம்மாள் கூடத்தின் வாசலில் ஒரு நொடி நின்றாள். பிறகு ஓடினாள். ஏழாம் எண் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து கிழவியின் காலைப் பிடித்துக்கொண்டாள். “யக்கா. யக்கா. உனக்குக் காரியம் பண்ணிட்டேனே. சாம்பலைக் கரைச்சிட்டேனேக்கா.”

கிழவி காலை இழுத்துக்கொண்டாள். “யாரு?”

“நான் செல்லா.”

“எந்தச் செல்லா?”

“உன் தங்கச்சி. வல்லத்துல.”

கிழவி முதுகை நிமிர்த்தினாள். ஜெயராமன் உட்கார்ந்ததுபோலவே. “சுந்தராம்பா, பெட் நம்பர் ஏழு, சாப்பாடு நல்லா இருக்குது, எனக்கு ஒரே பையன், ஷார்ஜாவுல இருக்கறான், ஞாயித்துக்கெழம ஃபோன் பண்ணுவான்.”

“உனக்குப் புள்ள இல்லியேக்கா.”

கிழவியின் முகம் சுருங்கியது. கோபம். “யாருக்கு இல்ல? எம்மவன் எனக்கு இல்லையா? போன வாரங்கூட சாப்டியாம்மான்னு கேட்டான்.”

செல்லம்மாள் தட்டை எடுத்தாள். “இது யாரு தட்டு?”

“என்னுது.”

“நைனா வாங்கிக் குடுத்தது. தடவிப் பாரு. இதுல இன்னா பேரு இருக்குது? சொல்லு.”

விரல் புள்ளிகள் மேல் ஊர்ந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டது. கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. தேடப் போன ஆள் உயிரோடு கிடைத்த வழக்கு பூங்குழலிக்கு அதிகமில்லை. இது கிடைத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

“சுந்தராம்பா,” என்றாள் கிழவி.

செல்லம்மாள் எழுந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “வா, வீட்டுக்குப் போவலாம்.” கிழவி கட்டில் சட்டத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள். “வார்டனம்மா! யாரோ பொம்பளை இழுக்கறா! நான் போயிட்டா எம்மவன் எங்க ஃபோன் பண்ணுவான்?” எட்டாம் எண் அழத் தொடங்கினாள். ஒன்பதாம் எண்ணும்.

செல்லம்மாள் கையை விட்டாள்.

“ரேகை வெச்சிப் பாத்துடலாம் மேடம்,” என்றார் இலியாஸ் தாழ்ந்த குரலில். “ஆதாரு பொய் சொல்லாதுல்ல.”

“ரேகை ஏது பாய்?” செல்லம்மாள் தன் கையைத் திருப்பிக் காட்டினாள். விரல் நுனிகள் தேய்ந்து, கூழாங்கல்லாக இருந்தன. “அவளுதும் அம்பது வருஷம் கடலை புடுங்கின கையிதான். ரேஷன் கடையிலயே அவளுக்கு மெஷின் எடுக்காது.”

“கண்ணு?”

கிழவியின் புரை விழுந்த கண்கள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தன.

வழக்குப் போடலாம். சொந்தம் நிரூபிக்க வழி உண்டு. மூன்று வருஷம் ஆகும். கிழவியிடம் மூன்று வருஷம் இருப்பதாகத் தெரியவில்லை. பூங்குழலிக்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. வெளியே போய், நாளைக்கு ஆய்வுக்கு வரவேண்டிய அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள். பேர், இடம், நடந்தது, கட்டில் எண். ஒரு குரல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. “எழுதிக்கிட்டேன் மேடம். நேர்லயே பாத்துடறோம். நீங்க யாருகிட்டயும் சொல்லிட வேணாம்.”

உள்ளே வந்தபோது அன்புக்கரசியின் ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் எடுத்தாள். “சொல்லுங்க சார்… ஆமா சார், இங்கதான் நிக்கறாங்க… சரிங்க சார்.” வைத்தாள். வெற்றி பெற்ற முகமாக இல்லை. களைத்த முகம்.

“நாளைக்கி வரலியாம்.”

“தள்ளி வெச்சிட்டாங்களா?”

“இல்ல மேடம். இன்னிக்கே வந்துட்டுப் போனதா எழுதிட்டாங்களாம். இருபத்தஞ்சி பேரையும் நேர்ல பாத்தாச்சி, எல்லாம் திருப்தின்னு. நேர்ல வந்தா நீங்க சொன்னதை எழுதியாவணும். வரலேன்னா எழுத வேணாமே.”

இலியாஸ் இடுப்பிலிருந்த டேப்பை எடுத்து ஒருமுறை இழுத்தார். அது தானாகச் சுருண்டு உள்ளே போனது.

சுந்தராம்பாள், எழுபத்துநான்கு, நேரில் பார்க்கப்பட்டவள். அரசாங்கமே பார்த்துவிட்டது. இனி செத்தவள் ரத்தினம்மாள்தான். பூங்குழலி ஃபைலை மூடினாள். உள்ளே மின்சார பில்கள் இருந்தன.

கூடத்தில் அழுகை அடங்கியிருந்தது. நாளைக்கு யாரும் வரப்போவதில்லை என்று அவர்களிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. எல்லோரும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்கள். செல்லம்மாள் கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளித் தரையில் இருந்தாள். நெருங்கினால் கிழவி சட்டத்தைப் பிடிக்கிறாள். அதனால் இரண்டடி.

“கிளம்பலாமாக்கா?” என்றார் இலியாஸ். “அஞ்சரைக்கு வல்லம் பஸ்ஸு.”

செல்லம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அங்கேயே இருந்தாள்.

கிழவி அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பார்வை இல்லாத கண்ணால் முகம் இருக்கும் திசையைப் பார்த்தாள். பயம் போயிருந்தது. யாரோ ஒரு பொம்பளை, அழுகிறாள், பாவம்.

“ஏம்மா, சாப்டியா?”

“சாப்ட்டேன்.”

“யாரையாச்சும் பாக்க வந்தியா?”

“ஆமா.”

“யாரை?”

செல்லம்மாள் பூங்குழலியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கிழவியைப் பார்த்தாள்.

“ரத்தினம்மாவை,” என்றாள்.

கிழவி உச்சுக்கொட்டினாள். ரகசியம் சொல்கிறவள்போல முன்னால் குனிந்தாள்.

“அவ அமாவாசை அன்னிக்கே செத்துட்டாளே. உனக்குத் தெரியாதா? பாவம். ஒருத்தரும் வரல.”